வார்ன் இந்தியாவில் 43, இலங்கையில் 20: ஒரு ஸ்பின்னரைச் சூழல் பார்த்து எடைபோடுவது எப்படி?

ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் இந்தியாவில் 9 டெஸ்ட் ஆடி 34 விக்கெட் எடுத்தார், சராசரி 43.11 (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்; குறையக் குறைய நல்லது). இலங்கையிலும் அதே 9 டெஸ்ட்தான், ஆனால் 48 விக்கெட், சராசரி 20.45. இரண்டையும் 'ஆசியா' என்று ஒரே பெட்டியில் போட்டால் சராசரி 30ஐ ஒட்டி வரும். அந்த 30 இந்தியாவில் அடிவாங்கிய வார்னையும் காட்டாது, இலங்கையில் ஆட்டிப்படைத்த வார்னையும் காட்டாது. ஸ்பின்னர்களைப் பற்றிய பாதி விவாதங்கள் இப்படி ஒரு பெட்டிக்குள்தான் நடக்கின்றன: 'உள்ளூர்ப் புலி', 'ஆசியாவுக்கு வெளியே செல்லாது'. பெட்டியைத் திறந்து பார்க்கும் வழி இது.

முதல் வேலை, நாட்டின் பெயரையும் மைதானத்தின் பெயரையும் அழித்துவிட்டு, அந்தப் பிட்சில் பந்து என்ன செய்தது என்று எழுதுவது. நான்கு விஷயங்கள் போதும்: எவ்வளவு திரும்பியது, எவ்வளவு எழும்பியது, தரையில் பட்டபின் வேகமாக வந்ததா நின்று வந்ததா, எல்லாப் பந்தும் ஒரே மாதிரி நடந்துகொண்டதா. கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நிறையத் திரும்பினாலும் ஒரே அளவில், மெதுவாகத் திரும்பும் பிட்சில் நல்ல மட்டையாளர் பின்காலில் போய்ச் சமாளித்துவிடுவார். ஒரு பந்து திரும்பி, அடுத்தது அதே இடத்தில் விழுந்து நேராகச் சறுக்கினால்தான் ஸ்டம்பு பறக்கும்.

மைதானப் பெயரை ஏன் அழிக்க வேண்டும்? 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட். முதலாவதில் ஜோ ரூட் 218 அடித்தார், இங்கிலாந்து 578 குவித்து 227 ரன்னில் வென்றது. இரண்டாவது டெஸ்ட் வேறு பிட்சில் நடந்தது. முதல் நாளிலேயே புழுதி கிளம்பியது, இங்கிலாந்து 134க்கும் 164க்கும் சுருண்டு 317 ரன்னில் தோற்றது. இரண்டையும் 'சென்னை பிட்ச்' என்று ஒரே வரியில் எழுதினால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

மண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உதவும். செம்மண் பிட்சில் பவுன்ஸ் கூடுதல், காய்ந்தால் சீக்கிரம் உதிரும். கரிசல் மண்ணில் களிமண் அதிகம். பந்து தாழ்ந்தும் மெதுவாகவும் வரும். மும்பை வான்கடே முதல் வகை. அகமதாபாத்தில் இரண்டு மண்ணிலும் பிட்சுகள் இருப்பதால் எதில் ஆட்டம் என்பதே பாதிச் செய்தி. ஒளிபரப்பில் இது தெரியாவிட்டால் விக்கெட் கீப்பரைப் பாருங்கள். கையுறை இடுப்புயரத்தில் பந்தை வாங்குகிறதா, முழங்காலுக்குக் கீழேயா? முதல் பத்து ஓவருக்குள் பதில் கிடைத்துவிடும்.

பந்தும் ஒரு சூழல்தான். இந்தியாவின் எஸ்ஜி பந்தில் கைத்தையல் புடைத்து நிற்கும். விரலுக்கும் பிடி, தரைக்கும் பிடி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இலங்கை ஆகிய இடங்களில் ஆடும் கூக்கபரா பந்தின் தையல் சீக்கிரம் தட்டையாகிவிடும், அப்போது விரல் சுழற்பந்து வீச்சாளர் திணறுவார். மணிக்கட்டில் சுழற்றுபவருக்கு அந்த நஷ்டம் குறைவு. இங்கிலாந்தின் டியூக்ஸ் தையல் நெடுநேரம் நிற்கும். பகலிரவு டெஸ்டின் பிங்க் பந்து தனி ரகம்: மேற்பூச்சு கெட்டி, தரையில் பட்டதும் சறுக்கும். 2021 அகமதாபாத் பகலிரவு டெஸ்டில் அக்சர் படேல் 70 ரன்னுக்கு 11 விக்கெட் அள்ளியபோது, திரும்பிய பந்தைவிடத் திரும்பாமல் நேராக வந்த பந்துதான் அதிகம் கொன்றது.

அடுத்தது முக்கியமான வேலை. அதே ஆட்டத்தில் மற்ற ஸ்பின்னர்கள் என்ன செய்தார்கள்? அகமதாபாத்தின் அந்த டெஸ்டில் ரூட் 8 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். 2004இல் மும்பையில் மைக்கேல் கிளார்க் 9 ரன்னுக்கு 6. பகுதிநேரப் பந்துவீச்சாளருக்கே இப்படி விழுந்தால், அந்த ஆட்டத்தில் முழுநேர ஸ்பின்னர் எடுத்த ஐந்து விக்கெட்டை அப்படியே பாராட்டிவிடக் கூடாது. மறுபக்கம், 2021 டிசம்பரில் மும்பையில் நியூசிலாந்தின் அஜாஸ் படேல் முதல் இன்னிங்ஸில் 119 ரன்னுக்குப் பத்தும், ஆட்டம் முழுக்க 225க்கு 14ம் எடுத்தார். அதே அணியில் அதே பிட்சில் வில் சோமர்வில் 29 ஓவர் வீசி 139 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. பிட்ச் மட்டும் விக்கெட் கொடுத்திருந்தால் சோமர்விலுக்கும் கொடுத்திருக்கும்.

கணக்கு எளிது. நீங்கள் எடைபோடும் வீச்சாளரின் சராசரியை, அதே ஆட்டங்களில் வீசிய மற்ற எல்லா ஸ்பின்னர்களின் கூட்டுச் சராசரியால் வகுங்கள். ஒருவருக்கு 30, மற்றவர்களுக்கு 45 என்றால் 0.67, சகாக்களைவிட மூன்றில் ஒரு பங்கு மலிவாக விக்கெட் வாங்குகிறார். இன்னொருவருக்கு 22, மற்றவர்களுக்கு 20 என்றால் 1.1. காகிதத்தில் 22 பளபளக்கும், ஆனால் அந்தப் பிட்சுகளில் அவர் சராசரிக்கும் கீழே. ஒப்பிடும்போது தனித்தனி சராசரிகளைக் கூட்டி வகுக்காதீர்கள். மற்றவர்கள் கொடுத்த மொத்த ரன்னை மொத்த விக்கெட்டால் வகுங்கள். இல்லையென்றால் மூன்று ஓவர் வீசியவர் கணக்கைக் கோணலாக்கிவிடுவார்.

இதிலும் இரண்டு ஓட்டை உண்டு. சகா யார் என்பது ஒன்று: அஸ்வினும் ஜடேஜாவும் ஒரே அணியில் ஆடியதால் ஒருவரின் சிறப்பே இன்னொருவரின் விகிதத்தைக் கெடுக்கும். மற்றது, யாரும் தம் சொந்த அணி மட்டையாளர்களுக்குப் பந்து வீசுவதில்லை. எதிரணி ஸ்பின்னர்களோடு ஒப்பிட்டால் இரு தரப்பும் சந்தித்த மட்டை வரிசை வேறு. அதனால் விகிதத்தை இரண்டு முறை போடுங்கள், சொந்த அணி ஸ்பின்னர்களோடு ஒன்று, எதிரணியோடு ஒன்று. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம்.

எத்தனை விக்கெட் இருந்தால் பேசலாம்? தோராயமாக, விக்கெட் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து 1ஐ அதால் வகுத்தால் சராசரி எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று தெரியும். 100 விக்கெட் என்றால் 10 சதவீதம் முன்பின். 50 என்றால் 14. 12 விக்கெட் என்றால் 29 சதவீதம், அதாவது அந்தச் சராசரியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

முரளிதரனின் ஆஸ்திரேலியக் கணக்கு சரியாக இந்த இடத்தில் மாட்டும். 5 டெஸ்ட், 12 விக்கெட், சராசரி 75.41. இதை நீட்டிக்காட்டி '800 விக்கெட்டும் சொந்த மண்ணில்தான்' என்பார்கள். அந்தப் பன்னிரண்டில் 5, 2005இல் சிட்னியில் பல நாட்டு வீரர்கள் சேர்ந்த உலக லெவனுக்காக எடுத்தவை. 1995 டிசம்பர் மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் அவருடைய கைவளைவைக் காரணம் காட்டி நோபால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது பிட்சின் கதையே இல்லை. அதே முரளி இங்கிலாந்தில் 6 டெஸ்டில் 48 விக்கெட், சராசரி 19.20. 1998இல் ஓவலில் மட்டும் 16. ஆசியாவுக்கு வெளியே வீசத் தெரியாதவர் என்ற வாதம் இங்கே நிற்காது. ஆனால் இந்தியாவில் 11 டெஸ்டில் 40 விக்கெட்டுக்கு 45.45 என்பது வேறு விஷயம். அது போதுமான அளவு பெரிய கணக்கு. ஸ்பின்னை ஆடத் தெரிந்த மட்டையாளர்களிடம் அவர் விலை கொடுத்தார் என்று சொல்ல அதில் ஆதாரம் இருக்கிறது.

சுற்றுப்பயணம் வாரியாகவும் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் வீச்சாளர் மாறுவார். ஆஸ்திரேலியாவில் அஸ்வினின் மொத்தச் சராசரி 42ஐ ஒட்டியது. உள்ளே போனால் 2011-12இல் 62.77, 2014-15இல் 48.66, 2020-21இல் 28.83. கடைசி எண்ணுக்குப் பின்னால் 12 விக்கெட்தான், அதையும் மறக்க வேண்டாம். ஆனால் திசை தெளிவு.

எண்களை மூடிவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். பெர்த்தில் முதல் நாள் ஸ்பின்னரிடம் கேப்டன் கேட்பது விக்கெட் அல்ல. ஒரு முனையை அடைத்து ஓவருக்கு மூன்று ரன்னுக்குள் வைத்தால் வேகப்பந்து வீச்சாளர்கள் மறுமுனையில் மாறிமாறி வீசி ஓய்வெடுக்கலாம். அங்கே சராசரியைவிட எகானமியையும் (ஓவருக்குக் கொடுத்த ரன்), வீசிய ஓவரையும் எடைபோடுவது நியாயம். நான்காவது இன்னிங்ஸில் அதே வீச்சாளர் கட்டுப்படுத்திக்கொண்டு மட்டும் இருந்தால் அது குறை. எனவே இன்னிங்ஸ் வாரியாகப் பிரியுங்கள். எடுத்த விக்கெட்டில் முதல் ஆறு மட்டையாளர்கள் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். அஜாஸ் படேல் 2024 முடிய நியூசிலாந்து மண்ணில் ஒரு டெஸ்ட் விக்கெட்கூட எடுத்ததில்லை என்பது உண்மை. அங்கே அவருக்குக் கிடைத்த ஓவர்கள் சொற்பம் என்பதும் உண்மை. அந்தப் பூஜ்யம் அவரைப் பற்றிச் சொல்வதைவிட அங்கு தயாரிக்கும் பச்சைப் பிட்சுகளைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

காலடித் தடத்தையும் கணக்கில் சேருங்கள். இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஓவர் த விக்கெட்டில் (வீசும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்கும்படி) வீசினால், அவர் கால் கிளறும் இடம் எதிர்முனையிலிருந்து வீசும் ஆஃப் ஸ்பின்னருக்கு (வலக்கையருக்குப் பந்தை உள்ளே திருப்புபவர்) வலக்கை மட்டையாளரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கிடைக்கும். அணியில் எல்லாருமே வலக்கை வேகப்பந்து வீச்சாளர்கள் என்றால் அந்தத் தடம் இடக்கை மட்டையாளரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழும். ஒரு ஆஃப் ஸ்பின்னர் இடக்கையர்களை மட்டும் வீழ்த்துகிறார் என்றால், திறமையோடு சேர்த்து இதுவும் காரணமாக இருக்கலாம்.

இனிக் கண்ணால் பார்க்க வேண்டியவை. பவுன்ஸ் உள்ள ஆஸ்திரேலியப் பிட்சில் பந்தை முன்னோக்கிச் சுழற்றும் ஓவர் ஸ்பின்தான் ஆயுதம்: பந்து மட்டையாளரின் கண்ணுக்கு மேலே எழும்பி, எதிர்பார்த்ததற்கு முன்பே கீழே விழுந்து, பிறகு மார்புக்கு எகிறும். ஆஸ்திரேலிய ஆஃப் ஸ்பின்னர் நேதன் லயனுக்கு, மட்டையாளரை ஒட்டி நிற்கும் ஷார்ட் லெக்கில் கேட்ச் விழுவது இதனால்தான். மெதுவான பிட்சில் அதே பந்து மிதந்து வந்தால் மட்டையாளர் காத்திருந்து அடிப்பார். அங்கே வேகம் வேண்டும், மணிக்கு 90 கி.மீ. பக்கம், தையல் பக்கவாட்டில் சுழல. ஆனால் ஒரே வேகத்தில் வீசுபவரை நல்ல மட்டையாளர் மூன்று ஓவரில் படித்துவிடுவார். 2024 புனே டெஸ்டில் மிட்செல் சான்ட்னர் 157க்கு 13 எடுத்தது ராட்சதத் திருப்பத்தால் அல்ல. வேகத்தை ஏற்றி இறக்கி, ஸ்டம்பை விடாமல் வீசியதால். ஆகவே ஒரு வீச்சாளரின் வேகப் பதிவை இரண்டு வகைப் பிட்சில் எடுத்து அருகருகே வையுங்கள். இரண்டிலும் ஒரே எண்கள் இருந்தால் அவருக்கு ஒரே ஒரு வீச்சுதான் தெரியும்.

காற்றும் பேசும். ஃபைன் லெக் பக்கமிருந்து (மட்டையாளருக்குப் பின்னால், லெக் திசையில்) வீசும் காற்று ஆஃப் ஸ்பின்னருக்கு வரம். பந்து வலக்கையரைவிட்டு விலகிப் போய் விழுந்து உள்ளே திரும்பும். எந்த முனையைக் கேட்டு வாங்கினார் என்று பாருங்கள். விவரமுள்ளவர்கள் கேட்டு வாங்குவார்கள்.

டி20க்கு சராசரி உதவாது. பவர்பிளே, 7 முதல் 15 ஓவர், கடைசி ஐந்து என்று பிரித்து, அதே ஆட்டத்தில் அதே கட்டத்தில் மற்றவர்கள் கொடுத்த ரன்னோடு ஒப்பிடுங்கள். ரன் எளிதில் வரும் பெங்களூரு சின்னசாமியில் ஓவருக்கு 8 கொடுத்தவர் சேப்பாக்கத்தில் 7 கொடுத்தவரைவிட நன்றாக வீசியிருக்கலாம். இரவு ஆட்டத்தில் பனி விழுந்தபின் இரண்டாவதாக வீசியவரைத் தனி வரிசையில் வையுங்கள்; ஈரப் பந்தை இறுக்கிப் பிடிக்கவே முடியாது. 2025 ஐபிஎல்லிலிருந்து இரவு ஆட்டங்களின் இரண்டாவது இன்னிங்ஸில் 10 ஓவர் முடிந்தபின் பந்து மாற்றக் கேட்கலாம் என்ற விதி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்ணையும் பிந்தைய எண்ணையும் கலக்காதீர்கள்.