கல்யாண ஆல்பத்தைக் காட்டி கம்பெனி ஆர்டர் வாங்க முடியாது

ஆடி பிறந்தால் கல்யாண போட்டோகிராபருக்கு வேலை இருக்காது, கேமரா தவணை மட்டும் இருக்கும். அப்படி ஓர் ஆடியில்தான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பைக்கில் பாண்டிக்குப் போய், விளம்பரப் படம் எடுக்கும் வேலை கேட்டு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். கையில் என் அருமை ஆல்பம். “நல்லா இருக்கு தம்பி, சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. மணப்பெண்ணின் மருதாணிக் கையைப் பார்த்து, இவன் நம் வஞ்சிர வறுவலை எப்படி எடுப்பான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கேமராவும், படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு, கம்பெனி ஆர்டர் பிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு வகை வாடிக்கையாளரைப் பிடியுங்கள். பாண்டி ஒயிட் டவுன் கஃபேக்களைச் சுற்றி ஏற்கெனவே கேமராக்கள் மொய்க்கின்றன. நான் பண்ருட்டி முந்திரி பக்கம் திரும்பினேன். பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள், படம் மட்டும் செல்போனில் எடுத்தது. பின்னால் கடைக் காலண்டர் தெரியும்.

ஆர்டருக்குக் காத்திருக்காமல் மாதிரிப் படம் எடுங்கள். கால் கிலோ பாக்கெட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டு ஜன்னலோரம் வைத்தேன். பளபளக்கும் கவரில் முந்திரிப் பெயரைத் தவிர எல்லாம் தெரிந்தது: ஜன்னல் கம்பி, என் வெள்ளைச் சட்டை, கொடியில் தொங்கிய லுங்கி. ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டினேன், எதிர்ப்பக்கம் தெர்மாகோல் நிறுத்தினேன், கறுப்புச் சட்டைக்கு மாறினேன். எழுத்து பளிச்சென்று வந்துவிட்டது. லென்ஸ் முன்னால் மாட்டி பிரதிபலிப்பைக் குறைக்கும் சிபிஎல் ஃபில்டர் கண்ணாடி பாட்டிலுக்கு நன்றாக உதவும். உலோகப் பூச்சுள்ள கவரில் அவ்வளவாக எடுபடாது. ரிங் லைட் மட்டும் வாங்காதீர்கள், பாட்டில் மேல் வளையம் வளையமாக விழும்.

அப்புறம் நேரில் போங்கள். மெயில் அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். அவர்களுடைய பழைய படத்தையும் உங்கள் படத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு மேஜைமேல் வையுங்கள், பேச்சு தானாக வரும். கேட்காமல் அதை இன்ஸ்டாவில் போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக் கடை என்றால் மத்தியானக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணிக்கு மேல்.

இனி கொட்டேஷன். நான் வாங்கிய அடி இங்கேதான்.

பாண்டியில் ஒரு தங்கும் விடுதிக்கு ஒருநாள் கூலிக்கு அறைகளைப் படமெடுத்துக் கொடுத்தேன். வெப்சைட்டுக்கு என்றுதான் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்து ஈசிஆரில் போகும்போது பார்த்தால் என் படம் ஹோர்டிங்கில் நிற்கிறது. ஒரு டிராவல்ஸ் நோட்டீஸிலும் அதே படம். எடுத்தவன் நான், உரிமையும் எனக்குத்தானே என்று கொதித்துக்கொண்டு தெரிந்த வக்கீல் அண்ணனிடம் போனேன். “எழுதி வாங்கினியா?” என்றார். இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

இப்போது என் கொட்டேஷனின் அடியில் இது இருக்கும்: “படங்களின் பதிப்புரிமை எடுத்தவருக்கே. வாடிக்கையாளர் தமது இணையதளம், சமூக ஊடகம், மெனு கார்டு ஆகியவற்றில் 2 ஆண்டுகள் பயன்படுத்தலாம். ஹோர்டிங், பத்திரிகை விளம்பரம், பிறருக்குக் கொடுத்தல் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம்.” ஷூட்டுக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுவேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. முழு உரிமையும் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு விலை போட்டுக் கொடுங்கள், சண்டை வேண்டாம். எடுக்கும் கூலி ஒரு வரி, பயன்பாட்டுக் கட்டணம் இன்னொரு வரி என்று பிரித்துப் போட்டால் பேரம் பேசும்போது எதைக் குறைக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாதிப் பணம் அட்வான்ஸ். அது வராமல் பைக்கை எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து பாண்டிக்கு பில் போட்டால் வேறு மாநிலக் கணக்காச்சே, ஜிஎஸ்டி பதிவு எடுக்கணுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நம்மைப் போல் சேவை மட்டும் செய்பவர்களுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை, மாநில எல்லை தாண்டி பில் போட்டாலும் அப்படித்தான். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. பெரிய கம்பெனிகள் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பில்லிலேயே பான் எண்ணைப் போடுங்கள், இல்லாவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.

இன்னொன்று: கறுப்புச் சட்டை போட்டும் கவரில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். கேமரா வாரில் இருக்கும் கம்பெனிப் பெயர், தலைகீழாக. வாரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.