பழைய காரில் தொடுதிரையும் ரிவர்ஸ் கேமராவும்: வயரை வெட்டாமல் பொருத்தும் முறை

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குப் பின்புறப் பார்க்கிங் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பு வாங்கிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடிகள்தான் துணை. பின்கண்ணாடியின் அடி விளிம்புக்குக் கீழே தரையை ஒட்டி ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால், எவ்வளவு கவனமாகத் திரும்பிப் பார்த்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆகவே பாட்டுக்காகவும் வழிகாட்டும் வரைபடத்துக்காகவும் திரை வாங்க நினைப்பவர்களும், கேமராவை முதன்மையான வேலையாகக் கருதித் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வீட்டு 2011 வேகன் ஆரில் நானே பொருத்திய அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். மற்ற கார்களில் பேனலும் கிளிப்பும் மாறலாமே தவிர, மின்னிணைப்பின் அடிப்படை மாறாது.

வாங்கும்போது முதலில் அளவைப் பாருங்கள். பழைய ரேடியோக்களின் முகப்பு பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வரும். ஒற்றை டின் என்பது ஏறக்குறைய 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இரட்டை டின்னில் உயரம் மட்டும் 100 மில்லிமீட்டர். 9 அங்குலத் திரைக்கு அந்தந்த கார் மாடலுக்கென்றே தயாரான சட்டம் (ஃபிரேம்) தேவை. என் கார் கம்பெனி ரேடியோ பேனலோடு ஒட்டியே வரும் வகை என்பதால் சட்டத்தைத் தனியாக வாங்கினேன். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கார் மாடலையும் ஆண்டையும் சொல்லி, சட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே திரைக்குப் பணம் கொடுக்கலாம். அங்கேயே அந்த மாடலுக்குரிய வயரிங் கப்ளரையும் (காரின் வயரையும் திரையின் வயரையும் வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்) கேட்டு வாங்கிவிடுங்கள். திரையும் கேமராவும் ஒரே வகை வீடியோ சிக்னலை ஏற்பவையா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏஹெச்டி எனும் உயர்தெளிவுச் சிக்னல் தரும் கேமராவைச் சாதாரணச் சிக்னலை மட்டும் ஏற்கும் திரையில் மாட்டினால், படம் உருளும் அல்லது வரவே வராது.

கப்ளரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த காரில் முன்பு ஒரு சாதாரண ஸ்டீரியோவை மாட்டிக்கொடுத்த கடையில், கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கி, மேலே பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். இரண்டு கோடைகள் கழித்துப் பேனலைக் கழற்றியபோது, டேப்பின் பசை உருகி வயரில் பிசுபிசுவென்று வழிந்திருந்தது. மஞ்சள் வயரின் செம்பு இழைகள் வெளியே தெரிந்தன. அந்த வயரில் கார் நிற்கும்போதும் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அது பாடியின் இரும்பில் உரசியிருந்தால் ஃப்யூஸ் போவதோடு முடிந்திருக்குமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கப்ளர் சில நூறு ரூபாய்தான். அதை வாங்கினால் காரின் வயரில் கத்தி படாது, நாளை திரையைக் கழற்றிப் பழைய ரேடியோவையே திரும்ப மாட்டவும் முடியும்.

வேலையைத் தொடங்குமுன் சாவியை எடுத்துவிட்டு, 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் சில நிமிடங்கள் காத்திருந்து, மஞ்சள் நிறக் கப்ளர் எங்கே தென்பட்டாலும் அதைத் தொடாமல் விடுங்கள். பேனலை நெம்புவதற்குப் பிளாஸ்டிக் கருவியே ஏற்றது. பழைய காரின் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருப்பதால், ஒரே மூலையில் பலமாக இழுக்காமல் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

திரையோடு வரும் வயர்களில் பொதுவாக மஞ்சள் எப்போதும் இருக்கும் 12 வோல்ட்டுக்கும், சிவப்பு சாவி போட்டால் வரும் மின்சாரத்துக்கும், கறுப்பு எர்த்துக்கும் உரியவை. நிறத்தை நம்பி இணைக்காமல், கார் பக்கத்துக் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். அதற்காக மட்டும் நெகடிவ் டெர்மினலை மாட்டி, அளந்ததும் மறுபடி கழற்றிவிடலாம். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் திரை வேலை செய்யும், ஆனால் சாவியை எடுத்த ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அமைப்புகளையும் மறந்துவிடும். ஸ்பீக்கரின் நெகடிவ் வயரை எர்த்தோடு இணைக்கவே கூடாது; இணைத்தால் திரைக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகும். ஹேண்ட் பிரேக் வயரை ஹேண்ட் பிரேக் சுவிட்சோடுதான் இணைக்க வேண்டும். அதை நேராக எர்த்தில் மாட்டிவிட்டால் ஓடும்போதும் படம் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த யோசனையை ஏற்காதீர்கள்.

கேமரா வேலைதான் அதிக நேரம் எடுக்கும். நம்பர் பிளேட்டுக்கு மேலே, வண்டியின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், படத்தின் கீழ் விளிம்பில் பம்பரின் ஒரு கீற்று தெரியும்படி கேமரா அமைய வேண்டும். பம்பர் தெரிந்தால்தான் மீதமுள்ள தூரத்தைக் கண் கணிக்கும். துளை போட்டால் வெட்டுப்பட்ட இரும்பில் உடனே பெயின்ட் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் அங்கிருந்தே துரு கிளம்பும்.

டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் இடையே மடிப்பு மடிப்பான ரப்பர் குழல் ஒன்று உண்டு. கேமரா வயரை அதற்குள் விடாமல் கதவு இடுக்கு வழியாகக் கொண்டுவந்தால், கதவை மூடும் ஒவ்வொரு முறையும் வயர் நசுங்கும், மழைநீரும் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். நான் சைக்கிள் பிரேக்கின் உள்கம்பியை முதலில் அந்தக் குழலுக்குள் செலுத்தி, அதன் நுனியில் வயரைக் கட்டி, மேலே சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு கையால் ரப்பரை நீவியபடி மறுகையால் மெதுவாக இழுத்தேன். அந்த ஒரு சாண் தூரத்துக்கே அரை மணி நேரம் ஆனது. அங்கிருந்து வயர் கூரையின் ஓரமாகவோ கதவடிப் பட்டைக்குக் கீழாகவோ முன்பக்கம் வரலாம். சீட் பெல்ட் சுருளும் இடத்தையும் பெடல்கள் அசையும் இடத்தையும் தவிர்த்து, துணி டேப் சுற்றிக் கேபிள் டையால் கட்டுங்கள்.

கேமராவுக்கு மின்சாரம் ரிவர்ஸ் விளக்கிலிருந்து வருகிறது. பல கார்களில் அந்த விளக்கு ஒரு பக்கம்தான் இருக்கும். பேட்டரியை மாட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு ரிவர்ஸ் கியரில் வைத்தால், அந்த பல்பின் ஹோல்டரில் 12 வோல்ட் காட்டும். கியரை எடுத்தால் காட்டாது. வயரை அடையாளம் கண்டபின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பாசிடிவில் கேமராவின் சிவப்பு வயரையும் வீடியோ கேபிளோடு ஒட்டிவரும் மெல்லிய சிவப்பு வயரையும் சேர்த்துச் சால்டர் செய்து வெப்பச் சுருக்குக் குழாயால் மூடுங்கள். அந்த மெல்லிய வயரின் முன்முனை, திரையின் ரிவர்ஸ் வயரோடு சேர வேண்டும். அது விடுபட்டால் கியர் போட்டதும் திரை தானாகக் கேமராவுக்கு மாறாது.

பேனலை மூடுமுன் எல்லாவற்றையும் சோதியுங்கள். நான்கு ஸ்பீக்கர்கள், ரேடியோ, ஹாரன், ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ரிவர்ஸ் படம் இடவலம் மாறித் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். காரின் வலப்பக்கம் நிற்பவர் திரையிலும் வலப்பக்கமே தெரிய வேண்டும். மாறியிருந்தால் திரையின் அமைப்புகளில் திருத்தலாம். சில கேமராக்களில் அதற்கென ஒரு சிறு வயர் வளையம் இருக்கும், அதை வெட்ட வேண்டும். வழிகாட்டிக் கோடுகளை அப்படியே நம்பக் கூடாது. அகலக் கோணக் கேமராவில் எல்லாப் பொருளும் உண்மையைவிடத் தள்ளியே தெரியும். பம்பரிலிருந்து டேப்பால் அளந்து 1, 2, 3 மீட்டரில் செங்கற்களை வைத்து, அவை எந்தக் கோட்டில் தெரிகின்றன என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

சாவியை எடுத்த பின் முழுவதும் அணையாமல் தூங்கும் நிலையில் இருக்கும் திரை எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். கதவுகளை மூடி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, நெகடிவ் டெர்மினலுக்கும் அதன் வயருக்கும் இடையே இணைத்தால் தெரிந்துவிடும். அப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. கார் முழுவதற்கும் 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. 200 மில்லிஆம்பியர் போனால் நாளொன்றுக்கு 4.8 ஆம்பியர் மணி வீதம், 35 ஆம்பியர் மணிப் பேட்டரியில் பாதிக்கு மேல் நான்கே நாளில் தீர்ந்துவிடும். அப்படியானால் திரையின் அமைப்புகளில் தூங்கும் நிலையை நீக்கி, சாவியை எடுத்ததும் முழுவதும் அணையும்படி வையுங்கள். திரை வர அரை நிமிடம் கூடுதலாக ஆகும். ஆகவே சாவியைப் போட்டவுடன் ரிவர்ஸ் எடுக்காமல் படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் அந்த காரை ஓட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

முதல் பெரிய மழை பெய்த மறுநாள், டெயில் லேம்பைக் கழற்றி நீங்கள் போட்ட இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ரப்பர் குழலின் முனைகள் அதன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். குழலை மீண்டும் அழுத்திப் பொருத்திய பிறகு விளக்கை மூடுங்கள்.