கதையில் உங்கள் குரலைக் கண்டுபிடிக்க

கதையில் குரல் என்பது உங்களுக்கே உரிய சொல்லும் விதம். அதைக் கண்டுபிடிக்க, நீங்கள் எழுதி வைத்த கதையிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தாளை மூடிவிட்டு, நெருங்கிய நண்பரிடம் சொல்வதுபோல் அதைச் செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் பேசியதைத் திருத்தாமல் அப்படியே எழுதிப் பாருங்கள்.

தாளில் 'அவர் மனம் கனத்தது' என்றிருக்கும். பேசும்போதோ, 'சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சாவி தேடினார்' என்று சொல்லியிருப்பீர்கள். முதலாவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதுதான் உங்களுடையது. எதை முதலில் சொன்னீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், எதைச் சொல்லாமல் தாண்டினீர்கள் என்று கவனியுங்கள். பேச்சுவழக்கிலேயே எழுத வேண்டும் என்பதில்லை. அந்த வரிசையும் ஓட்டமும் வந்தால் போதும்.

பிடித்த எழுத்தாளரின் சாயல் விழுந்தால் பதற வேண்டாம், எழுத எழுத உதிர்ந்துவிடும். திருத்தி எழுதும் நாட்களில் மட்டும் அவர் புத்தகத்தைத் தள்ளி வையுங்கள்.