பினாங்கு தேசியப் பூங்கா: கெராச்சுட்டா, குரங்குக் கடற்கரையா?

மலேசியாவின் பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் 2003-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்கு ஜார்ஜ் டவுனிலிருந்து 101 எண் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தமான தெலுக் பஹாங்கில் இறங்கினால் போதும். மழைக்குப் பின் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பாதைகள் மூடப்படுவதுண்டு என்பதால், நுழைவாயிலில் பெயரைப் பதியும்போதே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலோரமாகச் சற்றுத் தூரம் நடந்ததும் வழி இரண்டாகப் பிரியும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். வெக்கையும் ஏற்ற இறக்கமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது.

இடப்பக்கம் பிரியும் பாதை காட்டுக்குள் ஏறி இறங்கி, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பந்தாய் கெராச்சுட் கடற்கரையை அடைகிறது. முதல்முறை செல்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். மணலை மிதிப்பதற்கு முன் ஒரு பாலத்தைக் கடப்பீர்கள். அதன் கீழே இருப்பது சாதாரண ஏரி அன்று. காட்டிலிருந்து வரும் நன்னீர் மேலேயும், கடலிலிருந்து புகுந்த உப்புநீர் கனம் மிகுந்திருப்பதால் அடியிலும் தங்க, இரண்டும் கலவாமல் அடுக்கடுக்காக நிற்கும் நீர்நிலை அது. சில மாதங்களில் வற்றிச் சேறாகக் கிடக்கும். அப்போது சென்றவர்கள் 'ஏரி எங்கே?' என்று கேட்டுத் திரும்புவார்கள். இக்கடற்கரையில் பேராமைகள் இரவில் கரையேறி முட்டையிடுவதால், அவற்றுக்கான காப்பகம் ஒன்றும் இங்கே இயங்குகிறது. அலை அமைதியாகத் தோன்றினாலும் அடிநீரோட்டம் வலுவானது, சொறிமீன்களும் உண்டு. ஆகவே இங்கே நீந்த இறங்காதீர்கள்.

வலப்பக்கப் பாதை கரையை ஒட்டியே தெலுக் டுயுங்குக்குச் செல்கிறது. டுயுங் என்றால் மலாயில் கடற்பசு. வரவேற்பதென்னவோ குரங்குகள்தாம், குரங்குக் கடற்கரை என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நெகிழிப்பை சரசரத்தால் போதும், இரண்டு மூன்று குரங்குகள் மரத்திலிருந்து இறங்கிவிடும். உணவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். கால்களில் இன்னும் தெம்பிருந்தால், அங்கிருந்து செங்குத்தாக ஏறி 1883-இல் கட்டப்பட்ட மூக்கா முனைக் கலங்கரை விளக்கம்வரை போகலாம்.

வேர்கள் பின்னிய பாதை ஈரத்தில் வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள காலணி அவசியம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அதிகமன்று. காலை எட்டு மணிக்கே நடையைத் தொடங்கி, திரும்புவதற்குப் படகைப் பேசிக்கொள்வது என் வழக்கம். கட்டணத்தையும் படகு வரும் நேரத்தையும் புறப்படும் முன்பே படகுத்துறையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது. அப்போது வந்த வழியே நடக்க வேண்டியிருக்கும் என்பதால், பிற்பகல் மூன்று மணிக்குள் கடற்கரையை விட்டுக் கிளம்பும் அளவுக்கு நேரத்தைக் கையில் வைத்திருங்கள்.