பழைய பிரைம் லென்ஸ் வாங்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு பக்கம் கேரம் கிளப்புகளில் ராத்திரி நேரத்தில் படம் எடுப்பவள் நான். போர்டுக்கு நேர் மேலே மூடி போட்ட ஒரே ஒரு பல்பு. போர்டு பளிச்சென்று இருக்கும், ஆடுகிறவர் முகம் பாதி இருட்டில் இருக்கும். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 50 எம்எம்மில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). அதில் ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறனை 6400-ல் வைத்தால்தான் கிடைக்கிற படத்தை, எஃப் 1.8 லென்ஸ் ஐஎஸ்ஓ 640-லேயே கொடுத்துவிடும். உள்ளே வரும் வெளிச்சம் ஏறத்தாழ 10 மடங்கு. புதிய எஃப் 1.4 லென்ஸ் வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள் எல்லோரும் கடைசியில் பழைய பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ் பக்கம்தான் வருகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் எடுப்பது ஓடுகிறதா, உட்கார்ந்திருக்கிறதா? கேரம், வீட்டு விசேஷம், தெருவில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர், இவர்களையெல்லாம் கையால் ஃபோகஸ் செய்து எடுக்கலாம். வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து எடுக்க வேண்டும் என்றால் பழைய மேனுவல் லென்ஸ் உங்களுக்கு வேண்டாம். பந்து போன பிறகுதான் ஃபோகஸ் வரும். அந்தக் காசைச் சேர்த்து வைத்து ஆட்டோஃபோகஸ் லென்ஸே வாங்குங்கள்.

மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸ்கள் ஏன் இவ்வளவு சுலபமாகப் பொருந்துகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. லென்ஸை மாட்டும் வாயான மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும். நிக்கான் எஃப் லென்ஸுக்கு அது 46.5 மி.மீ., கேனான் எஃப்டி-க்கு 42, ஸ்க்ரூ போல் திருகி மாட்டும் எம்42-க்கு 45.46. மிரர்லெஸ்ஸில் பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் மிரர் இல்லாததால் அந்தத் தூரம் மிகக் குறைவு: சோனி இ 18, நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20 மி.மீ. மிச்சத்தை அடாப்டர் என்கிற வெற்று வளையம் நிரப்பிவிடுகிறது. வளையத்துக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்லை. "இந்த அடாப்டரில் கிளாஸ் இருக்கு, குவாலிட்டி நல்லா வரும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பெரும்பாலும், மிரர் வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா காலத்து அடாப்டரை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

கேனான் 1987-ல் எஃப்டி-யைக் கைவிட்டு இஎஃப் மவுண்ட்டுக்கு மாறியது. அதன் பிறகு வந்த கேனான் டிஎஸ்எல்ஆர்களில் எஃப்டி லென்ஸ் நேராகப் பொருந்தாது. பல வருடம் சீண்டுவாரில்லாமல் கிடந்த அந்த லென்ஸ்களுக்கு மிரர்லெஸ் வந்ததும் மறுபடி வேலை வந்தது. எஃப்டி 50 எம்எம் எஃப் 1.4 நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். நிக்கான் ஏஐ, ஏஐ-எஸ் 50 எம்எம் 1.8-ம் அப்படித்தான். மினோல்டா எம்டி 50 எம்எம் 1.4-ம் நல்ல லென்ஸ், பெயர் அவ்வளவாகப் பிரபலமாகாததால் விலை படியும். ரஷ்ய ஜெனித் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44, 58 எம்எம் எஃப் 2, பின்புலத்தைச் சுழற்றிக் காட்டும். அந்தச் சுழலுக்காகவே சிலர் அதிக விலை கொடுக்கிறார்கள். நான் கொடுக்க மாட்டேன்.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். நிக்கான் 50 எம்எம் 1.8டி மலிவாகக் கிடைக்கும், ஆட்டோஃபோகஸ் என்று எழுதியும் இருக்கும். ஆனால் லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமரா பாடியில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். இசட் பாடியிலும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் அந்த மோட்டார் இல்லை. கையால்தான் திருப்ப வேண்டும். ஆட்டோஃபோகஸ் வேண்டுமென்றால் ஏஎஃப்-எஸ் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் ஆர்எஃப் பாடிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பழைய இஎஃப் 50 எம்எம் 1.8, 85 எம்எம் 1.8 எல்லாம் கேனானின் அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். ஆனால் இஎஃப் லென்ஸில் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, மின்சாரத்தில் இயங்குவது. மின் தொடர்பு இல்லாத வெற்று அடாப்டரில் போட்டால் முழுக்கத் திறந்தபடியே நிற்கும்.

இனி டார்ச். பெயரெல்லாம் இரண்டாம் பட்சம். கடலோரம் வாழும் நமக்கு ஒரு லென்ஸின் விதியை முடிவு செய்வது ஃபங்கஸ் என்கிற பூஞ்சை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் பீரோவுக்குள் தோல் உறையில் மூடி வைத்த லென்ஸ், முன்பக்கம் பார்க்கப் புதுசாக மின்னும். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ். கடைக்காரர் "அது தூசும்மா, லைட்டா தொடச்சா போயிடும்" என்பார். தூசு புள்ளியாக இருக்கும், கிளை விடாது. புள்ளித் தூசு கொஞ்சம் இருந்தாலும் படத்தில் தெரியாது, அதற்காக ஒரு நல்ல லென்ஸை விட்டுவிடாதீர்கள்.

முன் கண்ணாடியின் மேற்பரப்பிலோ கடைசிக் கண்ணாடியிலோ மட்டும் ஃபங்கஸ் இருந்தால் பிரித்துத் துடைக்கலாம், சர்வீஸ் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள். ஆனாலும் அது கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் அப்படியே நிற்கும். ஒட்டவைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே போயிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அதைவிடப் பொல்லாதது புகைப்படலம். டார்ச் அடித்ததும் உள்ளே முழுக்கப் பால் கலந்த தண்ணீர் போலத் தெரிந்தால் கான்ட்ராஸ்ட் போய்விட்டது என்று அர்த்தம். பல்பு எதிரே இருக்கும் கேரம் கிளப்பில் அந்த லென்ஸ் ஒரு படம்கூட உருப்படியாகத் தராது. முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் பரவாயில்லை. பின் கண்ணாடியில் கீறல் வேண்டவே வேண்டாம்.

பெண்டாக்ஸ் டகுமார் 50 எம்எம் 1.4-ன் சில வகைகளில் கண்ணாடி டீ நிறத்துக்கு மஞ்சளித்திருக்கும். தோரியம் கலந்த கண்ணாடி அது. புற ஊதா விளக்கில் சில நாள் வைத்தால் மஞ்சள் குறையும். நம்மூர் மொட்டை மாடி வெயிலில் வைக்கலாமா என்று கேட்காதீர்கள், கிரீஸ் இளகி அபெர்ச்சரைத் திறந்து மூடும் பிளேடில் இறங்கும்.

பிளேடில் எண்ணெய் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். எஸ்எல்ஆரில் அது பெரிய குறை. அங்கே ஒவ்வொரு கிளிக்குக்கும் பிளேடுகள் சட்டென்று மூட வேண்டும். மிரர்லெஸ்ஸில் நாமே வளையத்தைத் திருப்பி மூடி வைத்துவிட்டுத்தான் எடுக்கிறோம், கொஞ்சம் மெதுவாக நகர்ந்தாலும் படம் கெடாது. அதனால் எண்ணெய்ப் பசையை விலை குறைக்கும் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை என்றால் மட்டும் விடுங்கள்.

ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்புங்கள். ஒரே இறுக்கத்தில் போக வேண்டும். நடுவில் எங்காவது நறநறவென்றால் மணல் போயிருக்கிறது. ராயபுரத்துப் பழைய வீடுகளிலிருந்து வரும் லென்ஸ்களில் ரப்பர் இடுக்கெல்லாம் கருப்புத் தூளாக இருக்கும். 2011 வரை துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியபோது சன்னல் கம்பியில் படிந்ததே, அதுவாகத்தான் இருக்க வேண்டும். பல் விளக்கும் பிரஷ் போதும். பின்பக்க ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். முன் விளிம்பு நசுங்கியிருந்தால் விழுந்திருக்கிறது. அடுத்துச் சொல்லும் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

உங்கள் கேமராவும் அடாப்டரும் கையில் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள். பர்மா பஜாரில் நின்றால் ராஜாஜி சாலைக்கு எதிர்ப்பக்கம் ஏதாவது ஒரு பெரிய போர்டு இருக்கும். அதை நேராகப் பார்த்து, முழுக்கத் திறந்து ஒன்று, எஃப் 4-ல் ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முழுக்கத் திறந்தபோது எழுத்தைச் சுற்றி லேசான ஒளிப்படலம் இருப்பது அந்தக் கால லென்ஸின் சுபாவம், அது குறை இல்லை. எஃப் 4-லும் இடது ஓரம் தெளிவாகவும் வலது ஓரம் குழம்பியும் இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். "டெஸ்ட் பண்ண விடமாட்டேன், தொட்டுப் பாத்துட்டு வாங்கு" என்கிற கடையில் எனக்கு வேலையில்லை. ஆன்லைன் விளம்பரத்தில் பார்த்து வாங்குவதென்றால் டார்ச் அடித்த படம் ஒன்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் காரணம் உங்களுக்கே தெரியும்.

கடையை மூடிவிட்ட ஸ்டுடியோக்காரர்களின் வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் நல்ல சரக்கு, தினமும் புழங்கியதால் ஃபங்கஸ் குறைவாக இருக்கும். அங்கே போய்ப் பெரியவரிடம் அடிமாட்டு விலை கேட்காதீர்கள். விலைக்கு என் கணக்கு இது: லென்ஸ், அடாப்டர், சர்வீஸ் மூன்றையும் கூட்டுங்கள். உங்கள் கேமராவுக்கான புதிய 50 எம்எம் 1.8 விலையில் பாதியைத் தாண்டினால் புதிதையே வாங்குங்கள். அதில் ஆட்டோஃபோகஸும் வாரண்டியும் வருகிறது.

அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். மாட்டிய பிறகு லென்ஸ் ஆடக் கூடாது. காசிமேட்டுக் கரையில் நின்று தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலை ஃபோகஸ் செய்து பாருங்கள். கடைசி வரை திருப்பியும் தெளிவு வரவில்லை என்றால் அடாப்டர் தடிமன் கூடியிருக்கிறது. முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெளிந்தால் சற்று மெல்லியது, அதை வைத்துக்கொள்ளலாம். ஏபிஎஸ்-சி என்கிற சிறிய சென்சாரில் 50 எம்எம் லென்ஸ் 75 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். சின்ன அறையில் முதுகு சுவரில் இடிக்கும், 35-ஐயோ 28-ஐயோ தேடுங்கள்.

கேமராவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் கிளிக்கே ஆகாது. ஃபோகஸ் ஆன ஓரங்களை நிறத்தால் மினுக்கிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்பாமல், பெரிதாக்கிக் காட்டும் வசதியை ஒரு பட்டனில் வையுங்கள். எஃப் 1.4-ல் பீக்கிங் காது, மூக்கு எல்லாவற்றிலும் மினுக்கும், கண்ணில் ஃபோகஸ் இருக்காது. பாடியில் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் லென்ஸின் எம்எம் எண்ணைக் கையால் போட வேண்டும். நான் பெரும்பாலும் எஃப் 2-ல்தான் எடுக்கிறேன், 1.4 கடைசிக் கை.

வாங்கி வந்ததும் தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள், ஈரமும் ஃபங்கஸும் அதில்தான் குடியிருக்கும். காற்றுப் புகாத டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். அரிசி போடச் சொல்வார்கள், மாவுத் தூள்தான் மிச்சம். ஃபங்கஸ் பிடித்த லென்ஸைத் துடைத்து முடிக்கும்வரை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். ஜெல் நிறம் மாறியதும், சமையலுக்குப் புழங்காத பழைய வாணலி ஒன்றில் சிறு தீயில் சூடாக்கி, நன்றாக ஆறிய பிறகு திரும்பப் போடுங்கள்.