சின்னக் குளியலறையில் தோளளவு வெந்நீர்: ஆழமான தொட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் வீட்டுக் குளியலறை 5 அடிக்கு 7 அடி. சென்னை அடுக்குமாடி வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கிற அளவுதான். நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்துவிட்டு வரும் மனைவிக்காக, வெந்நீரில் உட்கார ஒரு தொட்டி வைக்கலாம் என்று இறங்கினோம். கடைகளில் முதலில் காட்டுவது ஐந்தடித் தொட்டி. அதில் காலை நீட்டிப் படுத்தால் முட்டி நனையும்போது தோள் வெளியே நிற்கும், தோளை நனைத்தால் முட்டி வெளியே வரும்.

ஜப்பான்காரர்களின் ஒஃபுரோ தொட்டி நீளத்தில் குறைவு, ஆழத்தில் அதிகம். சோப்புப் போட்டு வெளியிலேயே குளித்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே இறங்கி முட்டியை மடக்கி உட்காருவார்கள். அதனால் அதே தண்ணீரில் வீட்டில் அடுத்தவரும் உட்கார முடியும். சின்ன இடத்துக்கு இந்த வழிதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் உடம்பை அளங்கள்

ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். சுவரில் முதுகைச் சாய்த்து, பலகை எதுவும் போடாமல் தரையில் உட்காருங்கள். முட்டியைச் சிரமமில்லாமல் மடக்கி, கால் விரல் நுனியில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சுவரிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள தூரம்தான் தொட்டியின் அடிப்பகுதிக்கு வேண்டிய நீளம். தரையிலிருந்து தோள் வரை உள்ள உயரம்தான் தண்ணீர் நிற்க வேண்டிய ஆழம். என் மனைவிக்கு 31 அங்குலமும் 21 அங்குலமும் வந்தது. வெளிநீளம் 4 அடி, அகலம் இரண்டரை அடி உள்ள தொட்டியே அவருக்குப் போதும் என்பது அப்போதுதான் புரிந்தது.

கடையில் '24 அங்குல ஆழம்' என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் தரையிலிருந்து மேல் விளிம்பு வரை உள்ள உயரம். விளிம்புக்குச் சில அங்குலம் கீழே ஓவர்ஃப்ளோ துளை இருக்கும். தண்ணீர் அதைத் தாண்டி ஏறாது. உள்ளே அடிப்பகுதியில் டேப்பை ஊன்றி, அந்தத் துளை வரை அளங்கள். அடிப்பகுதியின் நீளத்தையும் அளங்கள், ஏனென்றால் சரிவான பக்கங்கள் நிறைய இடத்தைச் சாப்பிட்டுவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தும் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் அறை

பிளானில் 5 அடி என்று போட்டிருப்பது செங்கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும் இடையிலான அளவாக இருக்கலாம். பூச்சும் டைல்ஸும் போக இரண்டு அங்குலம் குறையும். தரைமட்டத்திலும் இரண்டடி உயரத்திலும் தனித்தனியாக அளங்கள். வாசல், லிஃப்ட், மாடிப்படித் திருப்பம் மூன்றிலும் தொட்டி நுழையுமா என்று பாருங்கள். மூலைத் தொட்டி இடத்தை மிச்சப்படுத்தும் என்பார்கள். அது இரண்டு பக்கமும் நாலு நாலு அடி எடுத்துக்கொள்ளும். தனியாக நிற்கும் தொட்டியும் வேண்டாம், அதன் பின்னால் கை நுழையாமல் அழுக்குச் சேரும். சுவரை ஒட்டிப் பதிப்பதே நல்லது.

எடையையும் வெந்நீரையும் கணக்குப் போடாமல் பணம் கட்டாதீர்கள்

240 லிட்டர் தொட்டி என்று வையுங்கள். ஆள் உட்காரும்போது சுமார் 60 லிட்டர் இடத்தை உடம்பே அடைத்துக்கொள்ளும், எனவே 180 லிட்டர் ஊற்றினால் போதும். தண்ணீர் 180 கிலோ, ஆள் 60, தொட்டி 30, ஆக மொத்தம் 270 கிலோ. இத்தனையும் 10 சதுர அடியில் உட்காருகிறது. குளியலறைத் தளத்துக்கு இந்திய தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. 10 சதுர அடிக்கு 190 கிலோகூட வராது. அறை முழுக்கப் பரவும் எடை வேறு, ஒரே இடத்தில் குவியும் எடை வேறு. அதனால் மாடி வீடு என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். கொத்தனார் 'தாங்கும் சார்' என்று சொல்வது போதாது.

வெந்நீருக்கு வருவோம். 28 டிகிரி குழாய்த் தண்ணீரில் 65 டிகிரி வெந்நீரைக் கலந்து 40 டிகிரியில் 180 லிட்டர் வேண்டுமென்றால், வெந்நீர் மட்டும் கிட்டத்தட்ட 58 லிட்டர். 25 லிட்டர் கீசர் இரண்டு முறைக்கு மேல் காய வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். அதற்குள் முதலில் விட்டது ஆறிவிடும். நாங்கள் 50 லிட்டர் கீசருக்கு மாறினோம். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கேஸ் கீசரை மட்டும் குளியலறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் சேரும், நீங்களோ உள்ளே வெகுநேரம் உட்காரப் போகிறீர்கள்.

பொருளும் பொருத்துவதும்

மாடிக்கு அக்ரிலிக் போதும். எடை குறைவு, தொட்டால் சில்லென்று இருக்காது. வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் எடை தளத்துக்கு ஆகாது. போர்த் தண்ணீர் என்றால் வெள்ளை உப்புப் படியும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள்.

தொட்டி வைப்பதற்கு முன் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். வேஸ்ட் பைப் இருக்கும் பக்கம் திறந்து மூடும்படி ஒரு மூடியும் விடுங்கள். எங்களுக்கு வந்த பிளம்பர் அதை விடாமல் டைல்ஸ் ஒட்டிவிட்டார். நாலாவது மாதம் ஒரு வாஷர் மாற்ற மூன்று டைல்ஸை உடைக்க வேண்டி வந்தது.

இரண்டடிச் சுவரைத் தாண்டி ஏறுவது அம்மாவுக்கு முடியவில்லை. வழுக்காத ஒரு படியும், சுவரில் ஆழமாக முடுக்கிய கைப்பிடிக் கம்பியும் வைத்த பிறகுதான் தைரியமாக இறங்கினார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் சீயக்காய் போட்டு எண்ணெய் போக அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் போவார். எண்ணெய் பட்ட அக்ரிலிக்கில் கால் நிற்காது. ஆறிய தண்ணீரை மறுநாள் காலையில் வாளியில் மொண்டு வீடு துடைக்கிறோம்.