கிரேட் டேன் முழங்கையில் நீர்க்கட்டி: என் அனுபவம்

எட்டு மாத கிரேட் டேன் நாய், எடை 45 கிலோ. இடது முழங்கையில் எலுமிச்சை அளவு வீக்கம். தொட்டால் மெத்தென்று இருக்கும். வலி இல்லை, நொண்டலும் இல்லை. களிம்பு தடவியதில் பலனில்லை. மருத்துவர் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார். நாலே நாளில் மறுபடி நிரம்பிவிட்டது. அடிக்கடி குத்தினால் சீழ் பிடிக்கும் அபாயம் வேறு.

காரணம் டைல்ஸ் தரை. படுக்கும்போது அவ்வளவு கனமும் சதையில்லாத எலும்பு முனையில் தொப்பென்று இறங்க, அடிபட்ட இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. ஹைக்ரோமா என்பார்கள். 4 அங்குல ஃபோம் மெத்தை போட்டும் குறையவில்லை. ராத்திரி விழித்திருந்து பார்த்தபோதுதான் புரிந்தது: மெத்தையில் பத்து நிமிடம்தான் படுக்கிறது, பிறகு சூடு தாங்காமல் டைல்ஸுக்கே போய்விடுகிறது.

அரையடி உயர நைலான் நாடாக் கட்டிலை மின்விசிறிக்கு நேர் கீழே போட்டேன். அடியிலும் காற்று போவதால் விடியும்வரை அதிலேயே தூங்கியது. ஓரச் சட்டத்தில் முழங்கை இடிக்காமல் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டினேன். வாசலிலும் சமையலறை ஓரத்திலும் ரப்பர் பாய். ஐந்து வாரத்தில் வீக்கம் வற்றியது, அப்பாடா!

வீக்கம் சூடாகவோ வலியோடோ இருந்தால் கட்டிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. சீழ் பிடித்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.